சிவாஜினியின் ஊட்டம்

உப்புவெளியில் சிவாஜினியைத் தெரியாதவர்கள் குறைவு. அவள் என்ன வேலை செய்கிறாள் என்பது தெரிந்தவர்கள் அதைவிடக் குறைவு. ஆய்வுகூடத்தில் வேலை என்று எப்போதோ சொல்லித் தொலைத்ததன் பலன், ஒழுங்கையில் யாருக்குத் தலை சுற்றினாலும் அவளுடைய கேற்றடியில் வந்து விரலை நீட்டுவார்கள். "பிள்ளை, சீனி கூடிட்டுதோ எண்டு ஒருக்காப் பாரும்" என்பார்கள். தான் சீனி பார்க்கிறவள் இல்லை என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். கடைசியில் விரல் குத்திப் பார்க்கும் கருவி ஒன்றை வாங்கி வைத்துவிட்டாள். விளக்கம் சொல்வதைவிட அது லேசாக இருந்தது.

அவள் செய்கிற வேலையைக் கேற்றடியில் நின்று விளங்கப்படுத்துவதும் கஷ்டம்தான். மனிதருடைய இரத்தக் குழாய்களின் உட்புறம் முழுவதும் ஒரு படையாகக் கலங்கள், கண்ணுக்குத் தெரியாத உயிரணுக்கள், ஒட்டிக் கிடக்கின்றன. பிள்ளை பிறந்த பிறகு கழித்துவிடும் தொப்புள்கொடியிலிருந்து, தாயின் சம்மதத்தோடு, அந்தக் கலங்களைப் பிரித்தெடுத்துத் தட்டில் வளர்ப்பதுதான் சிவாஜினியின் உத்தியோகம். எதற்கு வளர்க்க வேண்டும் என்றால், கண்ணாடி விரியனுக்காக. வயலுக்குள் காலை வைத்தவனை அது தீண்டினால் நஞ்சு முதலில் போய் உடைப்பது இந்தக் கலங்களைத்தான். நம்முடைய பாம்பின் நஞ்சுக்கு எந்த மருந்து உண்மையில் நிற்கிறது என்று அறிய வேண்டுமானால், தட்டில் உயிருள்ள கலங்கள் இருக்க வேண்டும்.

அந்தச் சிறிய அறையைத் திருகோணமலையில் தொடக்கியவள் டொக்டர் கௌசிகா. வெளிநாட்டில் படித்துப் பட்டம் வாங்கிய பிறகு, கொழும்பில் கிடைத்த இடத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பாம்பு கடிக்கிற ஊரில்தான் ஆராய்ச்சியும் நடக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவள். சிவாஜினி அதற்கு முன் பட்டினத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் சோதனைக்குழாய் கழுவி அடுக்கிக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் உடைப்பதும் இவள் கூட்டி அள்ளுவதுமாகக் காலம் போனது. நாற்பது தாண்டிய பிறகுதான் கௌசிகா கூப்பிட்டு, உயிருள்ள ஒன்றைக் கையில் கொடுத்து, "இதைச் சாகாமப் பாருங்கோ அக்கா" என்றாள். முதல் முறை நுணுக்குக்காட்டியில் அந்தக் கலங்கள் இரண்டாகப் பிரிவதைப் பார்த்த அன்று சிவாஜினி வீட்டுக்குப் போய்ச் சமைக்கவே இல்லை. கடையில் கொத்து ரொட்டி வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் புருசன் சசிகரனிடம் விடிய விடிய அதையே கதைத்துக்கொண்டிருந்தாள். சீனன்குடாவில் மின்வேலை பார்க்கிற சசிகரன் பாதியில் குறட்டை விட்டான்.

இந்தக் கலங்கள் சரியான செல்லம் கொண்டாடும் சாதி. மற்றக் கலங்களுக்கு உப்பும் சீனியும் கன்றின் குருதித் தெளியமும் கலந்த வளர்ப்பூடகம் போதும். இதுகளுக்கு அதற்குமேல் தனியாக ஒரு ஊட்டம் வேண்டும். சில துளி போதும். அந்தச் சில துளி இல்லாவிட்டால் தட்டை விட்டுக் கழன்று, உருண்டு, மிதந்து, செத்துப் போகும். ஊட்டம் வெளிநாட்டிலிருந்து உறைந்தபடி ஐஸ் பெட்டியில் வரும். வழியில் உருகிச் சூடேறினால் குப்பைக்குத்தான்.

அந்த வருசம் புத்தரின் வெசாக் பண்டிகை லீவு சனி ஞாயிறோடு சேர்ந்து வந்தது. பெட்டி எங்கேயோ ஒரு களஞ்சியத்தில் லீவு முடியும்வரை கிடந்தது. கையில் வந்தபோது உள்ளே ஐஸும் இல்லை, குளிரும் இல்லை. ஆனாலும் ஆசை யாரை விட்டது? திரவ நைதரசனில் உறைய வைத்திருந்த மூன்று குப்பிக் கலங்களில் ஒன்றை உருக்கி, அந்த ஊட்டத்தைக் கலந்து பார்த்தார்கள். இரண்டாம் நாளே எல்லாம் மேலே மிதந்தன.

மிச்சம் இரண்டு குப்பி. புதுத் தொப்புள்கொடி எடுக்க அனுமதி மாதக்கணக்கில் இழுக்கும், புது ஊட்டம் வரவும் அப்படியே. இந்த நேரம் பார்த்துத்தான் அறைக்குக் கருவிகள் தந்திருந்த கொழும்புத் தலைமையகத்திலிருந்து தொலைபேசி வந்தது. ஆனி மாதக் கடைசியில் ஒரு குழு வந்து பார்க்குமாம். கலங்கள் வளர்கிற அறையாக இருந்தால் இருக்கலாம், இல்லாவிட்டால் இன்குபேட்டரையும் குளிரில் வைத்துச் சுழற்றும் மையநீக்கியையும் கொழும்புக்கு எடுத்துவிடுவார்களாம். சிவாஜினிக்குக் களஞ்சியத்தில் ஒரு கதிரை தருவார்களாம்.

"களஞ்சியத்தில நான் என்னத்தை எண்ணுறது? போத்தல் மூடியோ?" என்று சிவாஜினி கொதித்தாள். அவளுக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும். அன்று கழுத்துவரை சிவந்தது.

கௌசிகா, "ஒரு வழி இருக்கு அக்கா. ஆனா எப்பிடிச் சொல்லுறதெண்டு தெரியேல்லை" என்றாள்.

"வாயாலதான் சொல்லோணும்."

"இந்த ஊட்டத்தைப் போத்தலில விக்கத் தொடங்க முன்னம் ஆய்வுகூடங்களில தாங்களே எடுத்தவை. மாட்டு மூளையில இருந்து."

கௌசிகா முட்டை மணந்தாலே மூக்கைப் பொத்துகிறவள். சிவாஜினி மீன் சாப்பிடுவாள், அதுவும் வெள்ளிக்கிழமையும் கோயில் திருவிழா நாட்களும் தவிர்த்து. மாட்டிறைச்சிக் கடை இருக்கிற பக்கம் இருவரும் தலை திருப்பியதில்லை.

"பச்சை மூளை, அறுத்த கையோட வேணும். அரைச்சு, குளிரில கலக்கி, மையநீக்கியில சுத்தி, மேல நிக்கிற தண்ணியை வடிச்செடுக்கிறது. செய்முறை பெரிய கஷ்டமில்லை. ஆனா ஆர் போய்..." என்று கௌசிகா இழுத்தாள்.

"நான் போறன்" என்றாள் சிவாஜினி. சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே கேட்டது.

வீட்டில் சொன்னபோது சசிகரன் தேத்தண்ணிக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டான். "கோயில்ல கொடியேறி நிக்குது. நீ மாட்டு மூளை வாங்கப் போறியோ?"

"சாப்பிடவே வாங்குறன்?"

"குசினிப் பக்கம் மட்டும் கொண்டு வந்திடாத."

"கொண்டு வந்து உங்களுக்குத் தாளிச்சுத் தரப் போறனாக்கும்" என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த நாள் முஸ்லிம் ஊரான கிண்ணியாவுக்கு பஸ் ஏறினாள். நெற்றியில் விபூதி இருந்தது. அதை அழிப்பதா விடுவதா என்று பாலம் தாண்டும்வரை யோசித்து, விட்டுவிட்டாள்.

கிண்ணியாவில் ரபீக்காவின் இறைச்சிக் கடையில் வெட்டுவது புருசன், ஆட்களோடு கதைப்பது ரபீக்கா. விபூதியும் பொட்டுமாக ஒருத்தி வந்து வாசலில் தயங்குவதைக் கண்டதும் அவள் எழுந்து கதிரை போட்டாள்.

"வாங்க புள்ள, இரிங்க. வழி தெரியாம வந்திட்டீங்களா?"

"இல்லை அக்கா. மூளை கிடைக்குமோ?"

"மூளையா? நீங்க திங்கிற இல்லையே. ஆருக்கு?"

இங்கேதான் சிவாஜினி சறுக்கினாள். கலம், வளர்ப்பூடகம், விரியன் நஞ்சு என்று தொடங்க வாய் வரவில்லை. கடையில் நாலு ஆண்கள் வேறு நின்று பார்த்தார்கள். "எங்கட இடத்தில சிலதுகள் மெலிஞ்சு, எழும்ப ஏலாமக் கிடக்குதுகள். ஊட்டமா ஏதும் குடுக்கோணும் எண்டு டொக்டர் சொன்னவ" என்றாள். பொய் என்று ஒரு சொல்லையும் காட்ட முடியாது. உண்மையும் அதற்குள் இல்லை.

"அல்லாஹ், பாவம்!" என்றாள் ரபீக்கா. "நாளைக்கி வெள்ளென வாங்க. நல்லதாப் பார்த்து நானே எடுத்து வெக்கிறன்."

சொன்னபடி வைத்திருந்தாள். வாழையிலையில் சுற்றி, அதற்குமேல் பொலித்தீன் சுற்றி, ஐஸ் பெட்டியில் சிவாஜினி வைக்கும்வரை கூடவே நின்று, "ரெண்டு நாளையில எழும்பி நடப்பாங்க, பாருங்க" என்று தைரியமும் சொல்லி அனுப்பினாள்.

ஆய்வுகூடத்தில் இரட்டை முகக்கவசம் போட்டு நின்ற கௌசிகா பொட்டலத்தைப் பிரித்ததும் ஒரு கணம் கண்ணை மூடினாள். பிறகு இருவரும் வேலையில் இறங்கினார்கள். மூளை கொஞ்சம் மஞ்சளாக, கத்தி பட்டதும் துண்டு துண்டாக உதிர்ந்தது. மூளை என்றால் அப்படித்தான் இருக்கும் என்று இருவரும் நினைத்தார்கள். குசினியில் ஒரு நாளாவது அதைக் கண்ட யாராவது அந்த அறையில் நின்றிருந்தால் அங்கேயே சிரித்திருப்பார்கள். அரைத்தார்கள், கலக்கினார்கள், சுற்றினார்கள், வடித்தார்கள். இரண்டாவது குப்பியை உருக்கித் தட்டில் விட்டு, புது ஊட்டத்தைச் சேர்த்தார்கள். அன்று சிவாஜினி கோயிலுக்குப் போய் இன்னதென்று சொல்லாமல் கும்பிட்டுவிட்டு வந்தாள்.

மூன்றாம் நாள் கலங்கள் மிதந்தன.

கௌசிகா கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். சிவாஜினிக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. செய்முறையில் ஒரு பிழையும் இல்லை. அப்படியானால் மூளையில்தான் ஏதோ. அந்த மஞ்சள் நிறம் மனதை அரித்துக்கொண்டே இருந்தது. தொலைபேசியை எடுத்தாள்.

"அக்கா, அந்த மூளைக்கு நீங்கள் ஏதும் செய்தனீங்களோ?"

"செய்யாமலா தருவன்?" என்றாள் ரபீக்கா பெருமையோடு. "மஞ்சளும் உப்பும் போட்டு, கொதிதண்ணில ஒரு தரம் அவிச்சி, மேல இரிந்த சவ்வ உரிச்சி, நரம்பெல்லாம் எடுத்திட்டுத்தான் தந்தன். நோயாளிகளுக்கெண்டு சொன்னீங்களே புள்ள. பச்சையாத் தந்தா அங்க ஆரு துப்புரவாக்குற?"

சிவாஜினிக்கு முதலில் சிரிப்பு வந்தது, அதற்குள்ளேயே கண்ணீரும் வந்தது. சூடு பட்டால் செத்துப்போகிற சாமானை ஒருத்தி அன்பாக அவித்துத் தந்திருக்கிறாள். யாரை நோகிறது? உள்ளதை உள்ளபடி சொல்ல வெட்கப்பட்ட தன்னைத்தான் நோக வேண்டும். ஒரு குப்பி உயிர் அந்த வெட்கத்துக்குப் போனது.

அடுத்த பஸ்ஸில் கிண்ணியாவுக்குப் போனாள். இம்முறை கடைக்குள் எத்தனை ஆண்கள் நின்றார்கள் என்று பார்க்கவே இல்லை. கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, கைத்தொலைபேசியில் நல்ல காலத்தில் எடுத்த கலங்களின் படத்தைக் காட்டி, தொப்புள்கொடியிலிருந்து விரியன் வரை ஒன்றுவிடாமல் சொன்னாள். ரபீக்கா படத்தை விரலால் பெருப்பித்துப் பார்த்தாள். அவளுடைய புருசனும் கத்தியை வைத்துவிட்டு வந்து எட்டிப் பார்த்தான்.

"எங்கூடப் பொறந்த காக்காவும் விரியன் கடிச்சித்தான் மௌத்தாப் போன. வாயால, மூக்கால எல்லாம் ரெத்தம்" என்றாள் ரபீக்கா. பிறகு குரல் உயர்ந்தது. "இத அண்டைக்கே சொல்லியிருக்கலாமே புள்ள! நானும் மெனக்கெட்டு அவிச்சி!"

"பிழை என்னிலதான் அக்கா. பச்சையா, கழுவாம, கொள்ளாம, அப்பிடியே வேணும். இன்னும் ஒரேயொரு குப்பிதான் கிடக்கு."

"நாளைக்கிப் போயா, அறுப்பில்ல. நாளண்டைக்கி சுபஹுத் தொழுகையோட அறுப்பாங்க. வெடியப்பொறம் இங்க நில்லுங்க. எலும்பால எடுத்த கையோட உங்கட பெட்டிக்குள்ள போட்றன்."

இறைச்சிக் கடை மூடும் பௌர்ணமிப் போயா நாள் முழுவதும் சிவாஜினிக்கு இருப்புக் கொள்ளவில்லை. அதற்கடுத்த நாள் பஸ் ஓடத் தொடங்க முன்னமே போக வேண்டும். யாரைக் கேட்பது என்று அவள் யோசித்துக்கொண்டிருக்க, சசிகரன் மோட்டார்சைக்கிளைத் துடைத்துக்கொண்டு, "கரைவலைக்காரரிட்ட ஐஸ் சொல்லி வச்சிட்டன். நாலு மணிக்கு எழும்பு" என்றான். குசினியைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. கிண்ணியாவில் பெட்டியைப் பிடித்துக்கொண்டு முன்னால் நின்றவனும் அவன்தான். ரபீக்கா மூளையைப் பொலித்தீனில் போட்டு ஐஸுக்குள் புதைத்தபோது மட்டும் கொஞ்சம் தலையைத் திருப்பினான்.

இம்முறை பார்த்ததும் சிவாஜினிக்கு விளங்கிவிட்டது. வெளிறிய இளஞ்சிவப்பு, தொட்டால் ஒட்டுகிற மெதுமை, கத்தியே தேவையில்லை. குளிர் உப்புநீரில் அரைத்தபோது கட்டிப் பால் போல் கலந்தது. கொழுப்பைக் கீழே இறக்கும் மருந்தைக் கலந்து மையநீக்கியில் சுற்ற, மேலே தெளிந்த நீர் நின்றது. கிருமி வடிகட்டிதான் உயிரை வாங்கியது. ஒரு மில்லிலீற்றர் போவதற்குள் அடைத்துக்கொண்டது. திரும்பச் சுற்றி, திரும்ப வடித்து, ஊசிக்குழாயை அழுத்தி அழுத்திச் சிவாஜினியின் பெருவிரல் வீங்கியது. கௌசிகா கை மாற்றக் கேட்டபோதும் கொடுக்கவில்லை. கடைசியில் சிறு குப்பிகளில் இளமஞ்சளாக ஊட்டம் சேர்ந்தது. அது வேலை செய்ய உதவும் ஹெப்பரினையும் வளர்ப்பூடகத்தில் கலந்து தயாராக வைத்தார்கள்.

மூன்றாவது குப்பியை நைதரசனிலிருந்து எடுத்து உருக்கிய கௌசிகா அதைச் சிவாஜினியிடம் நீட்டினாள். "நீங்கள் விடுங்கோ அக்கா" என்றாள். சிவாஜினி அதைத் தட்டில் விட்டாள்.

அடுத்த நாள் காலை அவள் கைப்பையைக்கூடக் கழற்றாமல் நுணுக்குக்காட்டியில் குனிந்தாள். கலங்கள் தட்டில் ஒட்டியிருந்தன. ஒட்டியது மட்டுமில்லை, கை கால் நீட்டிப் படரத் தொடங்கியிருந்தன. "பிடிச்சிட்டுது!" என்று அவள் போட்ட சத்தத்தில் கௌசிகா ஒரு காலில் மட்டும் ஆய்வுகூடப் பாத உறையோடு ஓடி வந்தாள். வாசல் காவலாளியும் தீப்பிடித்ததாக நினைத்து ஓடி வந்தார். சிவாஜினி அவரையும் பிடித்துக் குனிய வைத்துக் காட்டினாள். அவர் என்ன கண்டாரோ தெரியாது, "நல்லா இருக்கு மிஸ்" என்றார்.

அதன்பின் கலங்களுக்குத் தடையே இல்லை. தட்டு நிறைந்தது. நிறைந்ததைப் பிரித்து நாலு தட்டில் போட, நாலும் நிறைந்தன. ஒரு மூளையில் வந்தது குருட்டு அதிர்ஷ்டமாக இருக்கலாம் என்று சிவாஜினியே சந்தேகப்பட்டு, ரபீக்காவிடம் இன்னொன்று வாங்கி, முதலிலிருந்து இன்னொரு தரம் செய்தாள். அதிலும் வளர்ந்தன. ஊட்டம் போடாத தட்டு ஒன்றையும் பக்கத்தில் வைத்தாள். அது மயானம் மாதிரிக் கிடந்தது.

ஆனி மாதக் கடைசியில் குழு வந்தது. வந்த வாகனத்தைப் பார்த்ததும் சிவாஜினியின் காது சிவந்தது. பின்கதவு திறந்து கிடந்த பெரிய வான். உள்ளே மெத்தைத் துண்டுகளும் கயிறும் இருந்தன. இன்குபேட்டரை ஏற்ற ஆயத்தமாகவே வந்திருந்தார்கள். பார்க்க முன்னமே முடிவு எடுத்துவிட்டு வருகிறவர்களோடு என்ன கதை என்று அவளுக்கு வந்த கோபத்தில், வணக்கம் சொல்லவும் மறந்துபோனாள்.

குழுவுக்குத் தலைவர் பேராசிரியர் இரத்தினசிங்கம். அதிகம் பேசாத மனிதர். கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு நுணுக்குக்காட்டியில் குனிந்தவர் நிமிரவே இல்லை. இடைவெளி இல்லாமல் ஒன்றோடொன்று பொருந்தி, கல் பதித்த தரைபோல் தட்டு முழுவதும் கலங்கள் கிடந்தன. அடுத்த தட்டு, அதற்கடுத்த தட்டு, பிறகு ஊட்டம் போடாத தட்டு என்று மாறி மாறிப் பார்த்தார்.

"எந்தக் கொம்பனியின் ஊட்டம் இது?" என்று கேட்டார்.

"சிவாஜினி செய்தது சேர்" என்றாள் கௌசிகா.

"அடுத்த முறை செய்தாலும் இப்பிடி வருமோ?"

"அந்த மூண்டாவது தட்டு அடுத்த முறை செய்ததுதான்" என்றாள் சிவாஜினி. "வேற மாடு, வேற நாள். பிரிச்சறிய ஏலுமெண்டால் பிரிச்சுச் சொல்லுங்கோ."

அவர் திரும்பக் குனிந்து பார்த்தார். அவருக்குப் பிரித்தறிய முடியவில்லை, முடியவில்லை என்று வெளிப்படையாகவே சொன்னார். பிறகு நிமிர்ந்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் தயங்கி, "வெசாக்குக்கு வந்த சாமானில எங்கட பெட்டியும் பழுதாப் போச்சு. கொழும்பிலயும் எங்கட கலங்கள் செத்துக்கொண்டுதான் இருக்கு. இதில கொஞ்சம் எங்களுக்குத் தரலாமோ?" என்று கேட்டார்.

கௌசிகா உடனே ஓம் என்று சொல்ல வாயைத் திறந்தாள். சிவாஜினி முந்திக்கொண்டாள்.

"தரலாம் சேர். அதுக்கு முன்னம் ஒண்டு சொல்லுங்கோ. இந்த இன்குபேட்டர் இங்க நிக்குமோ, போகுமோ? அதைச் சொன்னால் நான் பெட்டி கட்டுறன்."

குழுவில் வந்த மற்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். இரத்தினசிங்கம் சிவாஜினியைப் பார்த்தார், தட்டுகளைப் பார்த்தார், பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "இதை இஞ்ச இருந்து அசைச்சால் எனக்குத்தான் பைத்தியம். நிக்கும். நீங்கள் கேட்டால் இன்னொண்டும் அனுப்பச் சொல்லுறன்" என்றார்.

"கேக்கிறன்" என்றாள் சிவாஜினி.

ஊட்டக் குப்பிகளை ரெஜிபோம் நுரைப் பெட்டியில் அடுக்கி, மேலே ஐஸ் போட்டு, மூடியை ஒட்டி அவளே வெளியே கொண்டுபோனாள். இன்குபேட்டரைத் தூக்கப் பெரிதாகக் கயிறு விரித்து வைத்துக்கொண்டு காத்திருந்த சாரதி, அவளையும் பெட்டியையும் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா மிஸ்?" என்று கேட்டார்.

"ஓம், இவ்வளவுதான். கவனமாக் கொண்டு போங்கோ, கொழும்பு முழுக்க இதைப் பார்த்துக்கொண்டிருக்கு" என்றாள் சிவாஜினி.

அவர் அந்தக் கயிற்றாலேயே சின்னப் பெட்டியை வானின் நடுவில் சுற்றிச் சுற்றிக் கட்டினார். அவள் முடிச்சை ஒரு தரம் இழுத்துப் பார்த்து, சரி என்று தலையாட்டி, வான் கதவைத் தானே அடித்துச் சாத்தினாள்.